எடுவார் ஆல்பிரட் மார்ட்டெல்

எடுவார் ஆல்பிரட் மார்ட்டெல் (ஜூலை 1, 1859 - ஜூன் 3, 1938) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞரும் புவியியலாளரும் குகை ஆய்வாளரும் ஆவார். தற்காலக் குகையியலின் தந்தை என அறியப்படுகின்றார். கிணறு போலச் செங்குத்தாக இறங்கும் ஆழ்குழிக் குகைகளில் தோழர்களுடன் இறங்கி அவற்றை அளந்து வரைபடமாக்கியதும், அக்குழிகளில் விழும் அழுக்கு ஊற்றுகளின் வழியே குடிநீரில் கலக்கின்றது என நிறுவியதும் இவரது முதன்மையான பணிகளாகும்.

இளமை

மார்ட்டெல் பாரிசுக்கு அருகிலுள்ள பொந்துவாஸ் நகரில் சட்டத்துறை சார்ந்த குடும்பமொன்றில் பிறந்தார். 1866இல் பெற்றோருடன் பிரனீஸ் மலைப்பகுதிக்குச் சென்றபோது கார்கா குகையைக் கண்டார். ஜூல் வேர்ணின் கதைகளை விரும்பிப் படித்தார். 1879இல், அன்று ஆஸ்திரியாவின் ஆட்சியிலிருந்ததும் இன்று சுலோவீனியாவில் உள்ளதுமான போஸ்தொய்னா குகைக்குச் சென்றார். 1886இல் சட்டப்பட்டம் பெற்றுப் பாரிசில் தொழில் நடத்தினார். பல ஆண்டுகளுக்கு நீதிமன்ற விடுமுறைக் காலமே இவரது ஆய்வுக் காலமாக இருந்தது.

குழுவும் கருவிகளும்

தென்பிரான்சின் கோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்களில் மழைநீர் தங்குவதில்லை. கரியமில வாயு கலந்த நீர் பாறைப் பிளவுகளைக் கரைத்து அகலப்படுத்திக் கீழிறங்கிவிடும். இவ்வாறு உண்டான ஆழ்குழிகளை அப்பகுதி மக்கள் அவென் என்பர். அவற்றைப் பற்றிய பேய்க்கதைகள் பல வழங்கின. இறங்கிப் பார்த்தவர் மிகச் சிலரே.

1888 ஜூன் மாதம் பிரமாபியோ நிலத்தடி ஆற்றை அது மறையும் இடத்திலிருந்து வெளிப்படும் இடம் வரை மார்ட்டெல் குழுவினர் கடந்தனர். உறவினர் கோப்பியாவும், லெ ரோசியே ஊரின் கொல்லரான லூயி ஆர்மானும் இவரது நெருங்கிய துணைவர்கள். கயிற்றேணி, கயிற்றில் கட்டிய மரக்கட்டை இருக்கை, மெழுகுவர்த்தி, மக்னீசிய நாடா, மடக்கக்கூடிய கித்தான் படகு ஆகியன இவர்களது கருவிகள். ஆழத்தில் கூப்பிடும் குரல் எதிரொலியில் சிதைந்துவிடுவதால் தொலைபேசிக் கம்பியையும் கீழே கொண்டு சென்றனர்.

1889 ஜூலை 9 அன்று பதிராக் ஆழ்குழியில் இறங்கினர். வாயில் ஏறத்தாழ 35 மீட்டர் அகலமும் அடிவரை 75 மீட்டர் ஆழமும் கொண்ட இக்குழியின் கீழே ஆறு ஒன்று ஓடக் கண்டனர். மறுநாள் மார்ட்டெலும் கோப்பியாவும் கித்தான் படகில் அவ்வாற்றின் வழியே நெடுந்தொலைவு சென்றனர்.

1895 ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள கேப்பிங் கில் குழியில், ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்துக்கு, தலைமேல் அருவி கொட்டக் கயிற்றேணியில் தனியே இறங்கினார். ஜான் பிர்க்பெக் என்பவர் முன்னரே முயன்று பாதி வழியிலுள்ள பாறைத் திட்டு வரை மட்டுமே சென்றிருந்தார். இவ்வாண்டிலேயே பாரிசில் குகையியல் கழகத்தையும் மார்ட்டெல் தோற்றுவித்தார்.

அவென் ஆர்மான்

1897 செப்டம்பர் 18 அன்று மெஜான் மேட்டுநிலத்தில் புதிய குழியொன்றை ஆர்மான் கண்டார். மறுநாள் மார்ட்டெலும் இயற்கையியலாளர் அர்மான் விரேயும் உடன்வர, ஆர்மானே முதலில் இறங்கினார். 75 மீட்டர் செங்குத்து இறக்கத்தின் கீழே பெரும் கூடமொன்றும், அதில் ஏறத்தாழ 400 கல்முளைகளும் இருந்தன. அவற்றுள் மிக உயரமானது ஏறக்குறைய 30 மீட்டர். மார்ட்டெல் இதனைக் கன்னிக்காடு என வருணித்தார். கூடத்தின் ஓரத்தில் மேலும் ஒரு கிணறு கீழ்நோக்கிச் சென்றது. அதிலும் ஆர்மான் இறங்கினார்.

ஆய்வுகளின் புகழ் பெரும்பாலும் நூல் எழுதிய வழக்கறிஞருக்கே சேர்ந்தது. எனினும் பல குழிகளில் முதலில் இறங்கியவர் கொல்லர் ஆர்மான் என்பது மறக்கத்தக்கதன்று. மார்ட்டெல் இக்குகைக்கு ஆர்மானின் பெயரையே இட்டார். சுரங்கவழி வெட்டப்பட்டு 1927இல் குகை பார்வையாளருக்குத் திறக்கப்பட்டபோது ஆர்மான் உயிருடன் இல்லை.

குடிநீரும் சட்டமும்

1891இல் லோ மாவட்டத்தில் பெர்ரி என்னுமிடத்து ஊற்றுநீரைப் பருகிய மார்ட்டெல் நோயுற்றார். அவ்வூற்றுக்கு நீர் இறங்கும் குழியில் இறந்த கன்றின் உடல் அழுகிக் கிடந்தது. இறந்த கால்நடைகளைக் குழிகளில் எறிவது அக்காலத்தில் ஊர்வழக்கம். மணல் நீரை வடிகட்டுவது போலச் சுண்ணாம்புக்கல் வடிகட்டுவதில்லை. குழியில் விழுந்தது பிளவுகளின் வழியே ஊற்றை அடைந்துவிடும். தெளிந்து தோன்றும் ஊற்றும் இதனால் நோய் தரலாம் என மார்ட்டெல் இடைவிடாது எழுதியும் பேசியும் வந்தார். 1902 பெப்ரவரி 15ஆம் நாளைய பிரான்சின் பொதுச் சுகாதாரச் சட்டம், விலங்குகளின் உடல்களை இத்தகைய குழிகளில் எறிவதைத் தடைசெய்தது.

சுண்ணாம்புக்கல்லில் தொடர்ச்சியான நிலத்தடி நீர்மட்டம் உண்டு என்னும் கருத்தை இவர் கடுமையாக எதிர்த்தார். இவ்வெதிர்ப்பில் இவர் எல்லை கடந்து சென்றார் என்றே கூறவேண்டும்.

பிற்காலம்

இவரது அவென் ஆய்வுகளைத் தொகுத்துரைக்கும் நூல் 1894இல் வெளிவந்தது. 1905இல் வெர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தார். 1912இல் அமெரிக்காவின் மாமத் குகைக்குச் சென்றார். 1928 முதல் 1931 வரை பாரிசுப் புவியியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 1938இல் லுவார் மாவட்டத்தில் மொந்பிரிசோன் நகருக்கு அருகில் காலமானார்.