லியூவில் கட்டிய எண்

இணைந்த கணித வகுப்பில் 2இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்று நிறுவினோம். அதுவும்கூட ஓர் எளிய சமன்பாட்டின் தீர்வுதான். நிறைவெண் குணகங்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்பிச் சமன்பாட்டுக்கும் தீர்வாகாத எண் உண்டா? அதைத் தேடியபோதே ஜோசப் லியூவிலை அறிந்தேன்.

1809இல் பிரான்சில் பிறந்தவர். 1836இல் கணித சஞ்சிகையொன்றைத் தொடங்கினார். இருபது வயதில் இறந்த கல்வாவின் தாள்களை 1846இல் அதில் அச்சேற்றியவரும் அவரே. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இயற்கை மடக்கையின் அடியான 'ஈ' என்ற எண்ணையே முதலில் முயன்றார். அது எந்த இருபடிச் சமன்பாட்டுக்கும் தீர்வல்ல என்று 1840இல் காட்டினார். முழுதாக நிறுவ முடியவில்லை. நானென்றால் கொப்பியை மூடியிருப்பேன். அவரோ தேடிய வகை எண்களைத் தாமே கட்டி, அவை உண்டென 1844இல் நிறுவினார்.

1851இல் அவர் தந்த உதாரணம் எங்களுக்கும் விளங்கும். தசமப் புள்ளிக்குப் பின் 1, 2, 6, 24, 120 என வளரும் இடங்களில் மட்டும் 1, மற்றெல்லாம் பூச்சியம். இம்முடிவில்லாத் தொடரை எங்கே நிறுத்தினாலும் ஒரு பின்னம் வரும். அடுத்த 1 வெகு தூரத்தில் இருப்பதால் அப்பின்னம் எண்ணை அளவுக்கு மீறி நெருங்கிவிடும். சமன்பாட்டின் தீர்வான விகிதமுறா எண்ணைப் பின்னங்கள் அவ்வளவு நெருங்க முடியாது. வேலை செய்வது அந்தப் பூச்சியங்கள்தான்!

'ஈ'யை 1873இல் ஹெர்மிட் முடித்துவைத்தார். 'பை'யை லிண்டமன் நிறுவியது 1882இல். அதே ஆண்டு செப்டெம்பரில் லியூவில் பாரிஸில் காலமானார்.