அளந்தவர்களையே அளந்தவர்

நம்மைப் போல் அளவெடுத்தே வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். அவர் பி.சி. மகலனோபிஸ்.

1893 ஜூன் 29-ல் கல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பிசிக்ஸ் படித்துத் திரும்பி, பிரசிடென்சி கல்லூரியில் பாடம் நடத்தினார். மனசு போனதோ புள்ளியியல் பக்கம். 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். மனித உடலளவுகளை ஒப்பிடப் பிறந்த 'மகலனோபிஸ் தூரம்' என்ற கணக்கை 1936-ல் தந்தார்.

என்னைக் கவர்ந்தது அவருடைய சர்வே முறைதான். வங்காளச் சணல் பயிரைக் கணக்கெடுக்க, ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பினார். விடைகள் ரொம்ப விலகினால் அளந்த விதத்தையே சந்தேகப்பட வேண்டும்! 1943 பஞ்சத்தில் நொந்த குடும்பங்களின் நிலையையும் அவர் குழு மாதிரி சர்வே மூலம்தான் கணக்கெடுத்தது. அங்கே அளவு தவறினால், ஒரு வீட்டுப் பட்டினி கணக்கிலேயே வராது.

1972 ஜூன் 28-ல் மறைந்தார். அவர் பிறந்த நாள் 2007 முதல் நம் நாட்டின் புள்ளியியல் தினம்.

லேபில் ஒரே ஜாப்பை இருவர் வெர்னியரில் அளந்தால் ரீடிங் வேறுபடலாம். வேறுபடட்டும், அதுவும் ஒரு தகவல்தான். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிவிட்டால், பிழை இருப்பதே தெரியாமல் போய்விடும் தோழர்களே!