எலிசபெத் பிரை அம்மையார்: இல்லமும் சிறைக்கோட்டமும்

சிறைச் சீர்திருத்தம் பற்றிய நூல்களில் எலிசபெத் பிரை அம்மையாரின் பெயர் தவறாது இடம்பெறும். அவர் 11 பிள்ளைகளின் தாய் என்பதும் அங்கே ஒரு வரியாக வரும். அந்த ஒரு வரியை விரித்து நோக்கினாலன்றி அவர் வாழ்க்கை முழுதாக விளங்காது.

இங்கிலாந்தின் நார்விச் நகரில், கர்னி என்னும் செல்வக் குடும்பத்தில் 1780 மே 21 அன்று பிறந்தார். அக்குடும்பத்தார் நண்பர் சபை எனப்படும் குவேக்கர் கிறிஸ்தவர்கள். குருமாரும் சடங்குமின்றி மௌனமாய்க் கூடி வழிபடுவோர். பெண்களும் அருளுரை ஆற்ற இடந்தந்தவர்கள். எலிசபெத் 12 வயதில் தாயை இழந்தார். 17 வயதில், செந்நிற நாடா பூண்ட ஊதாக் காலணியுடன் வழிபாட்டிற்குச் சென்ற அவர், அமெரிக்கரான வில்லியம் சேவரியின் உரையால் உள்ளம் மாறினார். வண்ண ஆடையும் நடனமும் படிப்படியாய் அவரை விட்டு நீங்கின.

யோசேப்பு பிரை மணம் பேச வந்தபோது, இல்லறம் தம் இறைப்பணிக்குத் தடையாகுமோ என்று தயங்கினார். 1800-ல் மணம் நிகழ்ந்தது. 1801 தொடங்கி 1816-க்குள் 10 பிள்ளைகள் பிறந்தனர். ஒவ்வொரு பேற்றின் பின்னும் உடலும் உள்ளமும் தளர்ந்து வருந்தினார். இதற்கிடையே 1811-ல் சபை அவரை அருளுரையாளராக ஏற்றுக்கொண்டது.

1813-ல், ஸ்டீபன் கிரெலெட் என்னும் குவேக்கர் லண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதியைக் கண்டு வந்து, அங்குள்ள குழந்தைகளின் நிலையைச் சொன்னார். ஏறத்தாழ 300 பெண்கள் தம் பிள்ளைகளுடன் சிறு இடத்தில் அடைபட்டு, வெறுந்தரையில் உறங்கினர். அம்மையார் குழந்தைகளுக்கான கம்பளி உடைகளைத் தைத்து எடுத்துக்கொண்டு சென்றார். ஆயினும் மறுமுறை அச்சிறையுள் அவர் நுழைய மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பேறுகளும் பணமுடையும் குறுக்கிட்டன. 1815-ல், ஐந்து வயது நிறையாத தம் பெயருடைய பெண் குழந்தையை நோய்க்குப் பறிகொடுத்தார்.

1816-ன் முடிவில் மீண்டும் நியூகேட் சென்றவர், மகளை இழந்த தாயாகவே சென்றார். கைதிகளிடம் அவர் முதலில் பேசியது அவர்தம் குற்றங்களைப் பற்றியன்று, குழந்தைகளைப் பற்றியே. பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கலாமா என்று கேட்டார். தாய்மார் தம்முள் ஒருத்தியையே ஆசிரியையாகத் தேர்ந்தனர். கடிகாரம் திருடிச் சிறைப்பட்டவள் அவள். 1817-ல் நண்பர்களுடன் சங்கம் ஒன்றை அமைத்து, பெண்களுக்குத் தையல் வேலையும் மேற்பார்வைக்குப் பெண் அதிகாரியும் ஏற்படுத்தினார். விதிகள் ஒவ்வொன்றும் கைதிகள் முன் வைக்கப்பட்டு, அவர்கள் கைதூக்கி இசைந்த பின்னரே நடைமுறைக்கு வந்தன. இன்றும் எத்தனை நிறுவனங்களில் இப்படி நடக்கிறது?

இப்பணிக்கு ஓய்வு எங்கிருந்து வந்தது? மூத்த பெண்மக்கள் நார்ஃபோக்கில் உறவினர் வீட்டிலும், ஆண்மக்கள் விடுதிப் பள்ளியிலும் இருந்தனர். பிறர் பிள்ளைகளுக்காகத் தம் பிள்ளைகளைப் பிரிந்திருந்தார் என்பதே இதன் பொருள். உறவினர் முகத்துக்கு நேரே குறை கூறினர். அம்மையாரோ தம் நாட்குறிப்பில் அக்குற்றச்சாட்டை மீண்டும் மீண்டும் எடுத்து எடைபோட்டார். நாட்குறிப்பு எழுதும் நம் வட்டத்துக் கவிஞர்கள் அந்த இரவுகளை உணர்வார்கள்.

1818-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். நாடு கடத்தப்படும் பெண்களை விலங்கிட்டுத் திறந்த வண்டிகளில் துறைமுகம் கொண்டுசெல்லும் கொடுமையை மாற்றினார். ஆஸ்திரேலியா செல்லும் கப்பல்களில் ஏறி, துண்டுத்துணியும் ஊசியும் நூலும் வழங்கச் செய்தார். இப்படி 106 கப்பல்களில் 12,000 பெண்களைச் சந்தித்ததாகக் கணக்கு. 1841-ல் 'ராஜா' என்னும் கப்பலில் அப்பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை கான்பெரா கலைக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

1821-ல் மகள் இராகேல் சபைக்கு வெளியே மணம் புரிந்தாள். சபைக் கட்டுப்பாட்டிற்கு அஞ்சி, தாய் அம்மணவிழாவிற்குச் செல்லவில்லை. கைதிகளிடம் அத்தனை நெகிழ்ந்தவர் இங்கே இறுகி நின்றது எனக்கு உடன்பாடில்லை. அடுத்த ஆண்டு பதினோராவது பிள்ளையும் முதல் பேரக்குழந்தையும் ஒரே நாளில் பிறந்தனர்.

1828-ல் கணவரின் வங்கி முறிந்தது. அதன் பணம் அம்மையாரின் தருமங்களுக்குப் போனதென ஊர் அலர் தூற்றியது. சபை யோசேப்பை நீக்கியது. பிளாஷெட் மாளிகை கைவிட்டுப் போயிற்று. உடன்பிறந்தார் தந்த உதவியால் பணி தொடர்ந்தது. மனைவியின் புகழுக்கு முன்னர் மங்கி, அவர் ஊர் ஊராய்ச் செல்லக் குறுக்கே நில்லாத இக்கணவரைப் பற்றி எவரும் தனிநூல் எழுதக் காணோம்.

1842-ல் பிரஷ்ய மன்னர் அவர் இல்லத்தில் விருந்துண்டபோது, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வரிசையாக அறிமுகம் செய்தார். 1844-ல் மகன் ஒருவரையும் பேத்தியர் இருவரையும் செங்காய்ச்சல் கொண்டுபோயிற்று. 1845 அக்டோபர் 12 அன்று ராம்ஸ்கேட்டில் அம்மையார் காலமானார்.

அவர் நாட்குறிப்புகளைத் தொகுத்து 1847-ல் இரண்டு தொகுதிகளாக வரலாறு வெளியிட்டவர்கள் அவர் புதல்வியர் இருவர்: மணமின்றி வாழ்ந்த மூத்த மகள் கேத்தரீன் ஒருவர், அன்னை வாராத மணவிழாவில் நின்ற இராகேல் மற்றவர். தாயின் ஐயங்களிலும் மனக்கசப்புகளிலும் பலவற்றை அவ்விருவரும் அச்சேற்றவில்லை. கையெழுத்துப் படிகளைப் பின்னாளில் படித்த ஆய்வாளர்களே அவற்றை வெளிக்கொணர்ந்தனர்.