அரை டிகிரியின் சான்று

நுழையும்முன்
குளிர்காலக் காலையில் உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு பிறக்கிறது. அருகில் நெருப்பு இல்லை, வெயிலும் இல்லை. அவ்வாறாயின், அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காணத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத அவர், அறிஞர் அவைகளின் மௌனத்தைத் தம் அளவீட்டின் துணைகொண்டு வென்ற வரலாறு இது.

ஆலையும் ஆய்வும்
இங்கிலாந்தின் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டு நகரில் 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஜூல் பிறந்தார். தந்தையார் மதுவடிப்பு ஆலை நடத்திய செல்வர். இளமையில் உடல்நலம் குன்றியிருந்த ஜூல், வீட்டிலேயே கல்வி பயின்றார். பின்னர், அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டனிடம் தம் தமையனாருடன் சேர்ந்து கணிதம் கற்றார். அறிவியல் நாட்டத்தையும் அளவீட்டின் அருமையையும் அவரிடமிருந்தே பெற்றார்.

அதன்பின் தந்தையாரின் ஆலைப் பணியில் ஈடுபட்டார். மதுவடிப்பில் வெப்பநிலையைக் கருத்தாகக் கவனித்தல் இன்றியமையாதது. வெப்பநிலைமானியோடு பழகிய அக்கைகள், ஓய்வு நேரங்களில் ஆய்வுக் கருவிகளைக் கையாண்டன. நீராவிப் பொறிக்கு மாற்றாக மின்பொறியைப் பயன்படுத்த இயலுமா என்று ஆராய்ந்தபோது, மின்னோட்டம் பாயும் கம்பி சூடாவது அவர் கருத்தைக் கவர்ந்தது. அவ்வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் அமையும் என்று கண்டறிந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்திரண்டு.

வெப்பம் ஒரு பொருளா?
வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல. அடுப்பிலுள்ள ஒரு குவளை நீரும் ஓர் அண்டா நீரும் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும். ஆயினும், அண்டா நீரைக் கொதிக்கவைக்கப் பன்மடங்கு விறகு தேவை. வெப்பநிலை என்பது சூட்டின் நிலை. வெப்பம் என்பது ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஆற்றல். இத்தெளிவு அக்காலத்தில் முழுமையாக இல்லை. வெப்பம் என்பது கலோரிக் என்னும் எடையற்ற பாய்மம். அதனை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்று அறிஞர் பலர் நம்பினர்.

மூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது வெப்பம் ஓயாமல் தோன்றுவதைக் கண்ட ரம்ஃபோர்டு பிரபு, 1798இல் அந்நம்பிக்கையை ஐயுற்றார். எனினும், எவ்வளவு வேலை செய்தால் எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்னும் கணக்கு நிறுவப்படாமையால், பழைய கொள்கை நிலைத்தே நின்றது. அந்தக் கணக்கைத் தேடுவதே தம் பணி எனக் கொண்டார் ஜூல்.

1843ஆம் ஆண்டு அயர்லாந்தின் கார்க் நகரில் கூடிய அறிவியல் பேரவையில் தம் முதல் முடிவுகளை அவர் படித்தார். அவையோர் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு அவர் அளித்த மற்றொரு கட்டுரையை முழுமையாக வெளியிட இலண்டன் அரச கழகமும் முன்வரவில்லை. ஆலைக்காரர் ஒருவர், டிகிரியின் சிறு பின்னங்களைக் கொண்டு பெருங்கொள்கையைச் சாய்க்க முயல்வது பலருக்கு நம்பத்தக்கதாய்த் தோன்றவில்லை. ஜூல் சினம் கொள்ளவில்லை. தம் கருவியை மேலும் திருத்தினார்.

துடுப்புச் சக்கரம்
அவருடைய புகழ்பெற்ற கருவி எளிமையானது. நீர் நிரம்பிய செம்புக் கலத்தினுள் ஒரு துடுப்புச் சக்கரம். அதன் அச்சில் சுற்றிய கயிறுகள் கப்பிகளின் வழியே இரு எடைகளைத் தாங்கும். எடைகள் இறங்கும்போது சக்கரம் சுழன்று நீரைக் கலக்கும். எடையையும் அது இறங்கிய உயரத்தையும் கொண்டு வேலையைக் கணக்கிடலாம். நீரின் வெப்பநிலை உயர்விலிருந்து வெப்பத்தைக் கணக்கிடலாம்.

கருவி எளிது, அளத்தலோ மிக அரிது. எடைகளை இருபது முறை ஏற்றி இறக்கினாலும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி பாரன்ஹீட்டே உயர்ந்தது. அருகில் நிற்பவரின் உடற்சூடுகூட அக்கணக்கைக் கெடுத்துவிடும். எனவே, வெப்பநிலை அதிகம் மாறாத நிலவறையில் ஆய்வு நடத்தினார். தமக்கும் கருவிக்கும் இடையே மரத்தட்டி ஒன்றை நிறுத்தினார். கலம் ஏற்ற வெப்பம், காற்றில் இழந்த வெப்பம், கப்பிகளின் உராய்வு ஆகிய ஒவ்வொன்றையும் கணக்கில் சேர்த்தார். டிகிரியின் இருநூற்றில் ஒரு பங்கையும் உணர்த்தும் வெப்பநிலைமானி அவருக்கு உற்ற துணையாயிற்று. நீருக்கு மாற்றாகப் பாதரசத்தைக் கலக்கியும், வார்ப்பிரும்பை உராய்த்தும் பார்த்தார். விடைகள் ஒன்றையொன்று நெருங்கியே வந்தன.

ஓர் இளைஞரின் ஐயம்
1847ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் பேரவை கூடியது. நேரம் போதாமையால், கட்டுரையைப் படிக்காமல் சுருங்கக் கூறுமாறு ஜூலிடம் தலைவர் கேட்டுக்கொண்டார். அவ்வுரையும் கவனிப்பாரின்றி முடிந்திருக்கும். வில்லியம் தாம்சன் என்னும் இளம் பேராசிரியர் எழுப்பிய கருத்துகள் அவையின் கவனத்தைத் திருப்பின. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் போற்றப்பட்டவர் அவரே. தாம்சன் உடனே உடன்படவில்லை. ஆனால், அளவீடுகளைப் புறக்கணிக்கவும் அவரால் இயலவில்லை. ஐயத்தில் தொடங்கிய உறவு, நெடுநாள் நட்பாகவும் கூட்டாய்வாகவும் வளர்ந்தது.

அதே ஆண்டில் அமீலியாவை மணந்த ஜூல், ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்குப் பயணம் சென்றார். அங்கு அவரைத் தற்செயலாகச் சந்தித்த தாம்சன், அவர் கையில் நீண்ட வெப்பநிலைமானி இருக்கக் கண்டார். அருவியின் உச்சியிலும் அடியிலும் வெப்பநிலை வேறுபடும் என்பது ஜூலின் எதிர்பார்ப்பு. நீர் சிதறிச் சாரலானதால் அம்முயற்சி கைகூடவில்லை.

கல்லில் பொறித்த எண்
1850இல் அரச கழகம் ஜூலின் விரிவான ஆய்வை வெளியிட்டதோடு அவரை உறுப்பினராகவும் ஏற்றது. ஒரு பவுண்டு நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி பாரன்ஹீட் உயர்த்த, ஒரு பவுண்டு எடை 772 அடி இறங்கும் அளவுக்கு வேலை தேவை என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய அலகில், ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 ஜூல் வேண்டும்.

ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் மேயர், 1842இலேயே வேறொரு வழியில் இவ்வுண்மையை எட்டியிருந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847இல் அதற்குக் கணித வடிவம் தந்தார். இவர்களின் சிந்தனையும் ஜூலின் அளவீடும் இணைந்தபோது, ஆற்றல் வடிவம் மாறுமேயன்றி அழியாது என்னும் விதி உறுதிபெற்றது. தேய்த்த கைகளின் உழைப்பே அங்குச் சூடாக மாறுகிறது.

1854இல் மனைவியை இழந்த துயரிலும், பிற்காலத்தில் செல்வம் குறைந்த நிலையிலும் ஜூல் ஆய்வைக் கைவிடவில்லை. 1878இல், அறுபது அகவையை நெருங்கும் நிலையில், அதே அளவை மீண்டும் அளந்து வெளியிட்டார். 1889ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் சேல் என்னும் ஊரில் மறைந்தார். அவரது கல்லறையில், அந்த இறுதி அளவீட்டின் எண்ணாகிய 772.55 பொறிக்கப்பட்டுள்ளது.

ஆற்றலின் அலகு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் வீட்டு மின்கட்டணத்தில் காணும் ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். உலகம் செவிசாய்க்க மறுத்தபோது அவர் குரலை உயர்த்தவில்லை; மீண்டும் ஒருமுறை அளந்தார். அறிவியல் கற்போர் அவரிடம் கற்கவேண்டிய முதற்பாடம் அதுவே.