மூன்று கீல்களில் நிற்கும் பாலம்



இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டே உங்கள் வீட்டு வாசற்கதவைக் கொஞ்சம் பாருங்கள். அவ்வளவு கனமான பலகையைத் தாங்கி நிற்பது எது? விரல் நீளமுள்ள இரண்டு மூன்று கீல்கள்தாம். கீல் கதவைக் கீழே விழ விடாது. ஆனால் திரும்ப விடும். இந்தச் சின்ன விஷயத்தை வைத்தே பெரும் பள்ளத்தாக்கின் மேல் பாலம் கட்டியவர் ஒருவர் இருந்தார். ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ராபர்ட் மையார் என்பது அவர் பெயர்.

மையார் 1872ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் பெர்ன் நகரில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்தார். படிப்பை விடவில்லை. 1894இல் சூரிக் நகரின் பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் தேர்ச்சி பெற்று வெளியே வந்தார். அங்கே வில்ஹெல்ம் ரிட்டர் என்ற பேராசிரியர், பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைக் கோடு போட்டு வரைந்தே கண்டறியச் சொல்லிக்கொடுத்தார். நல்ல வாத்தியார் அமைவதும் ஒரு கொடுப்பினைதானே!

1901இல் சுவோஸ் என்னும் மலைக் கிராமத்தில், இன் ஆற்றின் மேல் 38 மீட்டர் அகலத்துக்கு ஒரே வளைவாகக் கான்கிரீட் பாலம் ஒன்றை அவர் வடிவமைத்தார். அதில் மூன்று கீல்கள் வைத்தார். இரண்டு கரைக்கு இரண்டு, நடு உச்சியில் ஒன்று. ஏன் தெரியுமா? வெயிலில் கான்கிரீட் நீளும், குளிரில் சுருங்கும். இரண்டு பக்கமும் இறுகப் பிடித்து வைத்தால் அந்த வளைவு எங்கே போகும்? நெளியப் பார்க்கும், முடியாமல் வெடித்துப்போகும். கீல் இருந்தால் உச்சி கொஞ்சம் ஏறி இறங்கிக்கொள்ளும், வளைவுக்கு ஒன்றும் ஆகாது. மூன்று கீல் வளைவு அவர் கண்டுபிடித்தது அல்ல, இரும்புப் பாலங்களில் முன்பே இருந்ததுதான். கான்கிரீட்டில் அதை அவர் கொண்டுபோன தூரம்தான் பெரிது.

மேல் வகுப்பு மாணவர்கள் இந்தக் கணக்கையும் கவனியுங்கள். வளைவின் ஒவ்வொரு காலிலும் மேல்நோக்கி ஒரு விசை, பக்கவாட்டில் ஒரு விசை. ஆக, தெரியாதவை நான்கு. சமநிலை விதிகள் கொடுப்பதோ மூன்று சமன்பாடுகள். நான்காவது எங்கிருந்து வரும்? உச்சிக் கீல் கொடுக்கும்! கீல் இருக்கும் இடத்தில் வளைக்கும் திருப்பம் பூஜ்யம். நான்குக்கு நான்கு சரியாகப் போச்சு. பென்சிலும் தாளும் போதும்.

இப்போது இதையெல்லாம் கணினியில் போடுகிறார்கள். உத்திரத்தையும் வளைவையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, துண்டு துண்டாகக் கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள். ஆனால் கணினிக்குச் சுயபுத்தி கிடையாது. இரண்டு துண்டுகளை ஒரே புள்ளியில் சேர்த்துவிட்டால், இறுக ஒட்டியவை என்றே அது எடுத்துக்கொள்ளும். இங்கே கீல் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தே நகரும், ஆனால் தனித்தனியாகத் திரும்பும் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். மறந்தால் அழகான வர்ணப் படத்தோடு தப்பான விடை வரும். அதற்காகக் கீலை அள்ளிப் போட்டாலும் ஆபத்து. மூன்று கீல் வளைவில் நான்காவதைப் போட்டால் அது மடிந்து விழும்.

சுவோஸுக்கு வருவோம். 1903இல் அந்தப் பாலத்தின் பக்கச் சுவர்களில், கரையோரமாக, விரிசல்கள் தெரிந்தன. மையார் போய்ப் பார்த்தார். சிமெண்டு பூசி மறைத்துவிட்டுப் போயிருக்கலாம். நம் பிள்ளைகள் தப்பான கணக்கை ரப்பரால் அவசரமாக அழிப்பதில்லையா, அப்படி! அவரோ அந்த விரிசலையே பாடமாக எடுத்துக்கொண்டார். வெடித்த இடத்தில் சுவர் உண்மையில் தேவைப்படவில்லை என்று கண்டார். தேவைப்படாத இடத்தில் எதற்குச் சுவர்? அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

1905இல் தவனாசா என்ற ஊரில், ரைன் ஆற்றின் மேல் 51 மீட்டர் பாலம் கட்டியபோது, கரையோரச் சுவர்களை முக்கோணமாக வெட்டி எடுத்துவிட்டார். கீல்களுக்குப் பக்கத்தில் மெலிந்தும் இடையில் பருத்தும் பாலம் புது உருவம் பெற்றது. கல் பாலம்போல் கனமாக இருந்தால்தான் நம்பிக்கை என்றிருந்த காலம் அது. பலருக்கு அந்த உருவம் பிடிக்கவில்லை.

பிறகு வந்தது சோதனைக் காலம். 1914இல் குடும்பத்தோடு ரஷ்யாவில் இருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது, திரும்ப வழியில்லை. அங்கேயே பெரிய தொழிற்சாலைகளைக் கட்டிக்கொடுத்தார். 1916இல் மனைவி இறந்தார். 1917 புரட்சியில் சொத்தெல்லாம் போயிற்று. மூன்று பிள்ளைகளோடு வெறுங்கையாகத் தாய்நாடு திரும்பி, ஜெனீவாவில் அலுவலகம் திறந்து, நாற்பது வயதைத் தாண்டிய நிலையில் மறுபடியும் அடியிலிருந்து தொடங்கினார். 1927இல் தவனாசா பாலத்தையும் மலைச்சரிவு ஒன்று அடித்துக்கொண்டுபோய்விட்டது.

பாலம் போனாலும் அதன் உருவம் அவர் மனத்தில் இருந்தது. ஷியர்ஸ் ஊரிலிருந்து ஷூடர்ஸ் என்ற சின்னஞ்சிறு மலைக் கிராமத்துக்குப் போகும் பாதையில், சல்கினா ஓடையின் ஆழமான பள்ளத்தாக்கைக் கடக்கப் பாலம் வேண்டியிருந்தது. போட்டிக்கு வந்த திட்டங்களில் மையாருடையது குறைந்த செலவில் முடியக்கூடியது. அதுவே தேர்வாயிற்று. ஒரே தாவலில் 90 மீட்டர்!

ரிச்சர்ட் கொராய் என்பவர் அந்தப் பள்ளத்தில் மரச்சாரம் கட்டினார். சாரம் கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று சொல்லத் தேவையில்லை. முழுப் பாரத்தையும் சாரத்தின் தலையில் ஏற்றாமல், மெல்லிய அடி வளைவை முதலில் வார்த்தார்கள். அது இறுகியதும், மேலே வரும் சுவர்களின் பாரத்தை அதுவே தாங்க உதவியது. மரமும் மிச்சம், பணமும் மிச்சம். 1930இல் பாலம் முடிந்தது.

மையார் 1940 ஏப்ரல் 5ஆம் நாள் ஜெனீவாவில் காலமானார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1947இல், நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் அவர் பாலங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் உரிய இடத்தில் ஒரு பாலக்காரருக்கு மரியாதை! 1991இல் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கம் சல்கினா பாலத்தை உலக வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

ஷூடர்ஸ் மக்கள் இன்றும் அதன் மேல்தான் போய் வருகிறார்கள். கோடை வெயிலில் அதன் நடு உச்சி கண்ணுக்குத் தெரியாத அளவு உயர்கிறது; பனிக்காலம் வந்ததும் இறங்குகிறது.