திருக்குறுங்குடி சுந்தரம் ஐயங்கார்

ஒரு நாட்டின் செல்வம் அதன் வயல்களிலும் ஆலைகளிலும் மாத்திரம் அடங்கியதன்று. ஓரிடத்து மக்களையும் பொருள்களையும் மற்றோரிடத்திற்குக் குறித்த பொழுதில் பழுதின்றிக் கொண்டு சேர்க்கும் சாதனங்களிலும் அது பெரிதும் தங்கியிருக்கின்றது. தென்னாட்டில் அத்தகைய சாதனத்தை ஒரு தொழிலாக வகுத்து நிலைநிறுத்தியவருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார் ஆவார். அவர் பெயரின் முதலெழுத்துக்கள் மூன்றும் இன்று உலகின் பல நாடுகளில் அறியப்பட்டிருப்பினும், அவ்வெழுத்துக்களுக்குரிய மனிதரைப் பற்றி நம் மாணவர் அறிந்தது சிறிதே. ஆதலின் அவரது சரிதத்தைச் சுருக்கமாக இங்கே கூறுவோம்.

இவர் 1877ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் தேதி, திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி மலைச்சாரலை அடுத்துள்ள திருக்குறுங்குடி என்னும் வைணவத் திருப்பதியில் பிறந்தார். கல்வி கற்று முதலில் வக்கீல் தொழிலில் அமர்ந்தார். பின்னர் ரயில்வே உத்தியோகத்தையும் பாங்கி உத்தியோகத்தையும் மேற்கொண்டார். மாதச் சம்பளம் தவறாது வரும் வேலையைப் பெரும்பேறாகக் கருதிய காலம் அது. அவ்வேலையை விட்டு, பலரும் கண்ணால் கண்டிராத மோட்டார் வண்டியை நம்பித் தொழிலில் இறங்குதல் அறிவீனமென்றே உற்றார் எண்ணக்கூடும். ஆயினும் அவர் 1912ஆம் ஆண்டில் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார்.

அக்காலத்து ரஸ்தாக்களின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கப்பிக்கல் பரப்பிய பாதைகளில் மாட்டு வண்டிகளே பெரும்பாலும் சென்றன. எருதுகளின் லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் வழியெங்கும் கிடந்து ரப்பர்ச் சக்கரங்களைத் துளைத்தன. வண்டி நின்றால் பிரயாணிகள் நடுக்காட்டில் வெயிலில் காத்திருக்க நேரிடும். ஐயங்கார் இதனைக் கண்டு, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை முன்னதாக ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று மதுரையார் இன்றும் கூறுவர். அவருடைய பஸ் வருவதைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக் கொள்ளலாம் என்பதும் அவ்வூரில் வழங்கிய பேச்சு. இவ்விரு செய்திகளிலும் அவரது தொழில்முறை விளங்குகின்றது. பழுது வந்தபின் வருந்துவதினும், அது பிறக்கும் இடத்தை நாடி நீக்குவதே அம்முறை.

மோட்டார்த் தொழிலுக்கு மலைப் பாதையினும் கடிய சோதனை வேறில்லை. பழனி மலைத் தொடரின்மேல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள கோடைக்கானலுக்கு முற்காலத்தில் மக்கள் குதிரை மீதும் டோலியிலும் ஏறினர். மேஜர் லா என்பவர் திட்டமிட்ட மலைப்பாதை நெடுங்காலம் கழித்து, 1914ஆம் ஆண்டை ஒட்டி நிறைவேறிய பின்னரே அங்கே மோட்டார் செல்லலாயிற்று. வத்தலக்குண்டைக் கடந்து மலையேறும் பழைய வண்டி, பாதி வழியில் திணறி, கறுத்த புகை கக்கி, தொழிலாளர் மிஸ்ஸிங் என்று சொல்லும் தடுமாற்றத்தை அடைவது இயல்பு. காரணம் யாதெனின், அவ்வுயரத்தில் காற்றின் செறிவு கடல் மட்டத்தில் உள்ளதைக் காட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. கார்புரேட்டரோ பெட்ரோலை அந்த அளவிற்குக் குறைப்பதில்லை. எனவே எண்ணெய் மிகுந்து காற்றுக் குறைந்த கலவை உள்ளே சென்று, முற்றும் எரியாமல் கரியாகி, பிளக்கின் முனையில் படிகின்றது. படிந்த கரியின் வழியே மின்சாரம் கசிந்துவிடுவதால் பொறி எழுவதில்லை.

இந்நோயை அறியப் பழைய பட்டறைகளில் வழங்கிய முறை எளியது. இஞ்சின் ஓடுகையில் மரப்பிடியுள்ள திருப்புளியால் ஒவ்வொரு பிளக்கின் மின்சாரத்தையும் இரும்போடு சேர்த்து ஒரு நொடி தடுப்பர். நல்ல ஸிலிண்டரைத் தடுத்தால் இஞ்சினின் ஒலி தாழும். எதனைத் தடுத்தபோது ஒலி மாறவில்லையோ அதுவே வேலை செய்யாதது. பின்னர் அந்தப் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பர். உலர்ந்த கருமை எண்ணெய் மிகுதியையும், வெளிறிய வெண்மை காற்று மிகுதியையும், பிசுபிசுப்பான ஈரம் உள்ளே தேய்வு உண்டென்பதையும் அறிவிக்கும். நாடி பார்க்கும் வைத்தியனது பொறுமையே இதற்கு வேண்டும் மூலதனம். இத்தகைய வேலையை ஒழுங்குபட நடத்தும் பட்டறை இன்றிப் பஸ் தொழில் ஒரு மாதமும் நடவாது.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது ஐயங்காரது ஆற்றல் முற்றும் வெளிப்பட்டது. பர்மா 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் வசமாகவே அந்நாட்டு எண்ணெயும் இந்தியாவிற்கு இல்லையாயிற்று. பெட்ரோல் அளந்து கொடுக்கப்பட்டது. பஸ் நின்றால் சந்தைக்குச் செல்லும் உழவனும், ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நோயாளியும் என் செய்வர்? அந்நிலையில் ஐயங்கார் டி. வி. எஸ். காஸ் பிளாண்ட் என்னும் கரிவாயுக் கலத்தை அமைத்து வெளியிட்டார்.

கரிவாயுக் கலத்தின் தத்துவம் இது: வண்டியோடு இணைத்த நெடிய இரும்புக் கலத்தில் மரக்கரியை மூட்டுவர். இஞ்சின் இழுக்கும் காற்று தணலூடே செல்லும்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் எரியும் வாயு உண்டாகும். அதனைக் குளிரச் செய்து, தூசி நீங்க வடிகட்டி, ஏறக்குறையச் சம அளவு காற்றுடன் கலந்து ஸிலிண்டருக்கு அனுப்புவர். இவ்வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜனே ஆதலின், இஞ்சினின் சக்தி மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். குழாயில் சிறு வெடிப்பு இருப்பினும் வேண்டாத காற்று புகுந்து இஞ்சின் தடுமாறும். வாயு வெளியே கசிந்தாலோ அது மணமற்ற விஷம். இவ்வளவு இடர்களுக்கும் இடையே கரி பஸ்கள் மக்களைச் சுமந்து ஓடின. அக்காலத்து டிரைவர்கள் காற்றின் அளவைத் தம் கைப்பிடியாலும் காதாலுமே சரிப்படுத்தினர்.

இன்று அவ்வேலையைச் செய்வது பிராணவாயு ஸென்ஸார் என்னும் சிறு கருவி. ஜெர்மானியரது பாஷ் கம்பெனி செய்த இக்கருவி 1976ஆம் ஆண்டில் முதன்முதல் வால்வோ கார்களில் இடம்பெற்றது. புகைக்குழாயில் எஞ்சிய பிராணவாயுவை உணர்ந்து, எண்ணெய் மிகுந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ட்டும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டும் காட்டும். ஆயினும் பழைய வண்டியில் இதனை நம்புவோர் ஏமாறுதற்கும் இடமுண்டு. ஒரு பிளக் பொறி விடாதாயின், எரியாத கலவையின் பிராணவாயு அப்படியே வெளியேறும். ஸென்ஸார் அதனைக் காற்று மிகுதியென்று அறிவிக்க, இஞ்சினுக்கு மேலும் பெட்ரோல் ஊட்டப்படும், நோய் முற்றும். அவசரக்காரர் ஸென்ஸாரை மாற்றிப் பணத்தை இழப்பர். அறிந்தவர் பிளக்கையும், மின்கம்பியையும், காற்றுக் கசிவையும் முதலில் பார்ப்பர். இஞ்சின் சூடேறிய பின்னும் அளவு மேலும் கீழும் அசையாமல் ஓரிடத்தே நின்றால்தான் கருவியை ஐயுறுவர். கருவிகள் மாறினும் காரணத்தை நாடும் கடமை மாறுவதில்லை.

ஐயங்காரது இல்வாழ்க்கையிலும் பெருஞ்சோதனை நேர்ந்தது. அவருடைய புதல்வி சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். வைதிகக் குடும்பங்களில் கைம்பெண்கள் வீட்டின் மூலையில் ஒடுங்கிய அந்நாளில், அவ்வம்மையார் டெல்லி சென்று வைத்தியக் கல்வி பயின்று தேறினார். மகாத்மா காந்தியின் ஆசியுடன் 1940ஆம் ஆண்டில் ஜி. இராமச்சந்திரனாரை மறுமணம் புரிந்தார். அவ்விருவரும் 1947ஆம் ஆண்டில் திண்டுக்கல்லுக்கு அண்மையில் நிறுவிய காந்திகிராமம் கிராமத்து ஏழைகளுக்குப் பெருந்தொண்டு புரிந்துள்ளது.

பஸ், லாரிப் போக்குவரத்தோடு நில்லாமல், தேய்ந்த டயர்களுக்கு ரப்பர் புதுப்பித்தல், மோட்டார் உறுப்புக்களை விற்றல் ஆகிய தொழில்களையும் ஐயங்கார் வளர்த்தார். முதுமையில் பொறுப்பைப் புதல்வரிடம் ஒப்புவித்தார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆம் தேதி, கோடைக்கானலில் உள்ள தமது இல்லத்தில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 78. மோட்டார் வண்டி ஏறுதற்கு அரிதாயிருந்த மலையின்மீதே, மோட்டாருக்குத் தம் வாழ்நாளை ஈந்தவரின் இறுதி உறக்கம் அமைந்தது.

மாணவர்களே! இவர் சரிதம் செல்வம் சேர்த்த ஒருவரது வரலாறு மாத்திரமன்று. உத்தியோகமே உயர்வென்று எண்ணாமல் கைத்தொழிலை மதித்தல், பிறரது பொழுதைத் தம் பொருளினும் பெரிதாகப் போற்றுதல், இடையூறு நேர்ந்தவிடத்து அதன் வேரைத் தேடுதல் என்னும் மூன்று குணங்களை இதிற் காண்கின்றோம். வண்டியாயினும் வாழ்க்கையாயினும், தடுமாறும்போது வெளியே தோன்றும் புகையைப் பழித்துப் பயனில்லை. உள்ளே எப்பொறி அணைந்ததென்று பொறுமையோடு பார்ப்பவனே மலையேறுவான்.