ஏட்டுக்கு முந்திய மனிதனைத் தேடியவர்

கோணேசர் ஆலயத்தின் தொன்மை பற்றிப் பேச்செழும் இடமெல்லாம் சேர் போல் ஈ. பீரிஸ் அவர்களின் பெயரும் கூடவே எழுவதை நாம் அறிவோம். விசயன் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இலங்கையில் சிவபெருமானுக்குரிய ஐந்து ஈச்சரங்கள் இருந்தன என்றும், கொட்டியாரக் குடாவை நோக்கி நிற்கும் திருக்கோணேச்சரம் அவற்றுள் ஒன்று என்றும் 1917ஆம் ஆண்டளவில் எழுதியவர் அப்பெரியார். நீதிபதியாகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய அவர் சிங்களக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஆதலால் அவருடைய சான்றை எம் முன்னோர் இரட்டிப்பு மதிப்புடன் எடுத்தாண்டு வந்தனர்.

ஆயின் அப்பெரியாரின் மைந்தர் ஒருவர், தந்தையார் குறித்த காலத்துக்கும் பன்மடங்கு முந்திய இலங்கையை மண்ணுக்குள்ளிருந்து வெளிக்கொணர்ந்தார் என்பதை அறிந்தோர் எம்மிடையே மிகச் சிலரே. அவர்தாம் போலஸ் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல. இந்நாட்டில் மனிதன் எப்போது குடியேறினான் என்ற வினாவுக்கு ஏட்டை விடுத்து எலும்பிடம் விடை கேட்டவர் அவர். அன்னாரின் வாழ்க்கையை இளைஞரும் முதியோரும் ஒருங்கே அறிதல் நன்று என்று கருதுகின்றோம். ஏனெனில், முந்தி வந்தவர் யார் என்ற வழக்கு எமது மாவட்டத்தில் ஒருபோதும் வெறும் ஏட்டு வழக்காக நின்றதில்லை.

தெரணியகல 1900ஆம் ஆண்டிற் பிறந்தார். கல்வியும் கலையும் நிறைந்த இல்லம் அது. தந்தையார் பழைய ஆவணங்களில் ஆழ்ந்திருந்தார். இளவல் ஜஸ்ரின் தெரணியகல பிற்காலத்தில் இலங்கையின் தலைசிறந்த ஓவியருள் ஒருவராகப் புகழ்பெற்றார். எட்வர்டுக்கும் தூரிகை கைவந்தது. எனினும் அவர் மனம் உயிரினங்களை நாடிற்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும், அமெரிக்காவில் ஹாவார்டிலும் பயின்று நாடு திரும்பிய அவர், முதலிற் கடல்வாழ் உயிர்களை ஆராயும் பணியில் ஈடுபட்டார். மீனையும் ஆமையையும் பாம்பையும் நுணுகி நோக்கி, தாமே படம் வரைந்து, அளந்து, எழுதி வைத்தார். எம் கரைகளில் மீனவர் நாளும் காணும் கடலாமைகள் உலக விஞ்ஞான நூல்களிற் செம்மையாக இடம்பெற உழைத்தவர்களுள் அவர் முக்கியமானவர். 1939இற் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளர் பதவியை ஏற்று, 1963 வரை, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம், அப்பொறுப்பைச் சுமந்தார்.

அவர் இறங்கிய துறையின் முன்வரலாற்றைச் சிறிது நோக்குவோம். உயிரினங்கள் படிப்படியாக மாறிப் பல்கின என்னும் கூர்ப்புக் கொள்கையை டார்வின் 1859இல் வெளியிட்டார். மனிதனும் அவ்விதிக்கு விலக்கல்லன் என்பதை 1871இல் மற்றொரு நூலில் விளக்கினார். அதன்பின் மனிதனின் ஆதித் தடத்தைத் தேடி ஐரோப்பிய அறிஞர் கிழக்கே புறப்பட்டனர். ஜெர்மானிய விலங்கியலாளர் ஹெக்கல் 1881இல் இலங்கை வந்து வெலிகமத்தில் தங்கி ஆராய்ந்தார். அவருக்குப் பின் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் உறவினர் இருவர் வந்தனர். அவர்கள் எமது திருகோணமலைக் கடலிலும் நட்சத்திர மீன், கடல் முள்ளி முதலியவற்றைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள். பின்னர் வேடர்களைப் பற்றிப் பெருநூல் எழுதினர். 1907இல் மீண்டும் வந்து குகைகளைத் தோண்டிக் கற்கருவிகளையும் கண்டெடுத்தனர்.

அவ்வறிஞர்களின் உழைப்பு பெரிது. ஆயினும் அவர்கள் நோக்கில் ஒரு குறை இருந்தது. உயிரோடு நடமாடும் வேடரை, மனித வளர்ச்சியின் தாழ்ந்த படியொன்றில் நின்றுவிட்டவர் போலக் கருதி, அவர்தம் தலையோடுகளை அளந்து கொண்டு சென்றனர். இன்று வாழும் மக்களெல்லாரும் ஒரே இனத்தினர், எவரும் மற்றவரினும் பழைய படியினர் அல்லர் என்பது இன்றைய விஞ்ஞானத்தின் முடிபு. ஆதி மனிதனைக் காணவேண்டுமாயின் அயலவன் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. நிலத்தின் அடுக்குகளையே பார்க்கவேண்டும்.

தெரணியகல அவ்வழியிற் சென்றார். இரத்தினபுரிப் பகுதியில் மணிக்கல் தேடுவோர் வயல்களில் ஆழ்குழி தோண்டிச் சரளை மண்ணை அள்ளிக் கழுவுவர். கல் அகப்பட்டால் மகிழ்ச்சி. கறுத்துக் கனத்த பல்லோ எலும்போ அகப்பட்டால் அது குப்பை. அக்குப்பையே தெரணியகலவுக்கு மாணிக்கமாயிற்று. குழிகளிலிருந்து வந்த அவ்வுயிர்ச்சுவடுகளைக் கொண்டு, இன்று இலங்கையில் மருந்துக்கும் காணமுடியாத நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியன ஒருகாலத்தில் இங்கு உலவின என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சிங்கத்துக்கு அவர் காட்டிய சான்று இரண்டே பற்கள்.

நீர்யானையும் காண்டாமிருகமும் தீவுக்கு வந்தது எவ்வாறு என இளைஞர் வினவக்கூடும். உலகின் நீர் பெருமளவு பனிப்பாறையாக உறைந்திருந்த காலங்களிற் கடல்மட்டம் தாழ்ந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றையிலும் 120 மீற்றர் அளவு கீழே இருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அப்போது தரை. அத்தகைய தரைவழி பன்முறை தோன்றி மறைந்திருக்கிறது. விலங்கு நடந்து வந்த வழியே மனிதனும் நடந்து வந்திருக்கலாம்.

அம்மனிதனைத் தேடியே தெரணியகல சப்பிரகமுவக் குன்றுகளின் குகைகளுக்குள் நுழைந்தார். 1930களின் பிற்பகுதி தொடக்கம், குருவிட்டைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென போன்ற குகைகளில் அகழ்வுகள் நடத்தினார். 1950களில் வளவை கங்கைப் பள்ளத்தாக்கிலே எம்பிலிப்பிட்டிக்கு அண்மையில், பெல்லன்பந்தி பலஸ்ஸ என்னும் திறந்த வெளியில், மனிதர் பலரின் எலும்புக்கூடுகள் அவர் குழுவினர்க்குக் கிடைத்தன. சாம்பலும் சிப்பியும் கற்கருவியும் கலந்த குடியிருப்பு மண்ணிலேயே அவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். தாம் கண்ட அம்மக்களைத் தெரணியகல பலாங்கொடை மனிதர் என அழைத்தார். 1955இல் அவர்களுக்கு விஞ்ஞானப் பெயரொன்றும் சூட்டினார். அப்பெயர் இன்று நாட்டின் பாடசாலைப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது.

அவர்கள் எத்தகையோர்? ஆடவர் சராசரியாக 174 சென்ரிமீற்றர் உயரம், பெண்டிர் 166 சென்ரிமீற்றர். தடித்த மண்டையோடு, புடைத்த புருவமேடு, பெரிய பற்கள், வலிய தாடை, குறுகிய கழுத்து. வேளாண்மை அறியார், குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர், மரநத்தைகளைப் பொறுக்கினர், காட்டுக் கொட்டைகளை உடைத்துண்டனர், தீ மூட்டத் தெரிந்திருந்தனர். வெண்படிகக் கல்லிலிருந்து விரல்நக அளவான சிறு கருவிகளைப் பிறைபோலவும் முக்கோணம் போலவும் செதுக்கினர். கடலிலிருந்து பல காதம் உள்ளே கிடக்கும் குகைகளிலே கடற்சிப்பியும் சுறாவின் முள்ளெலும்பும் அகப்பட்டுள்ளன. கடற்கரைக்கும் மலைக்குமிடையே அன்றே போக்குவரவு இருந்ததற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பெரியாரைப் போற்றுங்கால் அவர்தம் குறையை மறைத்தல் எமக்கு உடன்பாடன்று. தெரணியகலவுக்குப் புதுப்பெயர் சூட்டுவதில் மிகுந்த ஆசை. மாவலி கங்கையின் வெள்ளநீர் தேங்கும் வில்லுக்களில் மேயும் பருத்த யானையைத் தனி வகையெனப் பிரித்துப் பெயரிட்டார். கொட்டியாரக் குடாவிற் கலக்கும் அக்கங்கையின் யானைகள் எமக்கும் அயலவை. ஆனால் இன்றைய ஆய்வாளர் இலங்கை யானைகள் யாவும் ஒரே வகை என்றே கொள்கின்றனர். பலாங்கொடை மனிதனும் எம்மைப் போன்ற மனித இனத்தவனே, தனிக்கிளை அல்லன் என்பதும் இன்றைய முடிபு. மேலும், அழிந்துபோன நீர்யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் சிங்கத்துக்கும் அவர் இட்ட பெயர்களிற் சிங்களம் என்ற சொல் ஒட்டி நிற்பதைக் கண்டு எம்மவர் சிலர் முகஞ்சுளிப்பர். அச்சொல்லை இத்தீவைக் குறிக்கும் பெயராகக் கொண்டால் அமையும். பெயர் எதுவாயினும், அந்த நீர்யானைக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது.

ஆதி மனிதன் எம்முடையவன் என்று உரிமை கொண்டாடும் ஆசை உலகெங்கும் உள்ளதே. 1912இல் இங்கிலாந்தின் பில்ற்டவுனில் மனிதனின் மூதாதை கிடைத்துவிட்டான் என்று அறிவித்தனர். நாட்டுப்பெருமை கண்ணை மறைக்க, அறிஞர் பலர் நம்பினர். 1953இலேதான் அது மனித மண்டையோட்டுடன் ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்து இயற்றிய மோசடி என்பது வெளிப்பட்டது. பெருமைக்காகத் தோண்டுபவனுக்கு மண் பொய் சொல்லும் என்பதற்கு இது நல்ல பாடம். தெரணியகல பெயரிடுவதில் தவறியிருக்கலாம். எலும்பைத் திருத்தி வைத்தாரில்லை. அவர் சேர்த்தவற்றை அமெரிக்க மானிடவியலாளர் கென்னத் கென்னடி உள்ளிட்ட பிறரும் எடுத்து ஆராய முடிந்தது. அவரைத் திருத்தவும் முடிந்தது. உண்மை ஆய்வின் இலக்கணம் அதுவே.

1961 முதல் 1964 வரை வித்தியோதயப் பல்கலைக்கழகத்திற் கலைப்பீடாதிபதியாகவும் பணிபுரிந்த தெரணியகல, 1976இற் காலமானார். அவர் பணியை அவர் மைந்தர் சிரான் தெரணியகல தொடர்ந்தார். தந்தையார் தோண்டிய பட்டதொம்பலெனவை அவர் மீண்டும் அடுக்கடுக்காக அகழ்ந்து, கரியின் காலத்தை அளந்தறியும் முறையாற் கணித்தபோது, அச்சிறு கருவிகள் 30,000 ஆண்டுக்கும் மேற்பட்டவை எனத் தெரிந்தது. ஐரோப்பாவில் அத்தகையன 12,000 ஆண்டளவினவே எனக் கொண்டிருந்த அறிஞர் வியந்தனர். புளத்சிங்களவுக்கு அண்மையிலுள்ள பாஹியன் குகையில் மனிதர் 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே எலும்பு முனை கொண்ட அம்புகளைப் பயன்படுத்தினர் என 2020இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. அடர்ந்த மழைக்காட்டிலே ஆதி மனிதன் வாழ்ந்திருக்க இயலாது என்ற பழைய கருத்தும் இலங்கைக் குகைகளால் வீழ்ந்தது. சிரான் 2021இல் மறைந்தார். பாட்டனார் ஏட்டையும் மகன் எலும்பையும் பேரன் காலக்கணக்கையும் ஆராய்ந்த அத்தகைய குடும்பம் அரிதன்றோ!

இனி, இவற்றால் நாம் பெறும் பயன் யாது? விசயன் கதைக்கு ஏறத்தாழ 2,500 ஆண்டு. ஐந்து ஈச்சரங்களை அதற்கும் முன்னே வைத்தாலும், 48,000 ஆண்டு என்ற கணக்கின் முன் அவை நேற்றைய செய்திகள். அக்குகை மனிதர் எம்மொழி பேசினர், எத்தெய்வத்தை வணங்கினர் என்பதற்குச் சான்றில்லை. அவர்களை எங்கள் முன்னோர் மட்டுமே என்று எந்தச் சாதியாரும் சொந்தங் கொண்டாட வழியில்லை. வேடர் எலும்பமைப்பில் அவர்தம் சாயல் உண்டென ஆய்வாளர் கண்டுள்ளனர். அவ்வேடருள் ஒரு சாரார் எமது மாவட்டத்திலேயே, வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கங்களிலே, தமிழ் பேசி வாழ்கின்றனர். முந்தியவர்க்கே முதலுரிமை என்று வாதிடுவோர், அவ்வாதத்தை நேர்மையாகக் கொண்டுசென்றால், முதலில் அவர்கள் வாசலிலன்றோ போய் நிற்கவேண்டும்? அவர்களுடைய காணியும் கல்வியும் பற்றி நாம் செய்தது என்ன?

தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டவுடன் தம் காணி போய்விடுமோ என எம் கிராமத்தவர் அஞ்சுவதையும் நாம் அறிவோம். அவ்வச்சம் காரணமின்றி எழுந்ததன்று. ஆயினும் அதற்கு மருந்து அத்துறையை வெறுத்தொதுக்குதல் ஆகாது. எம் இளைஞர் புவிச்சரிதவியலும் மானிடவியலும் தொல்லியலும் கற்று, குழியருகே தாமும் நின்று, அடுக்கை அளந்து, கண்டதைக் கண்டபடி எழுதக்கூடியவர் ஆதல் வேண்டும். கிணறு வெட்டும்போது வெளிப்படும் செதுக்கிய கல்லையும் ஓட்டையும் எறிந்துவிடாது, எவ்விடத்தில் எவ்வளவு ஆழத்திற் கிடைத்தது என்று குறித்து, கற்றறிந்தவரிடம் காட்டும் பழக்கம் எம் வீடுகளில் வரவேண்டும். தந்தையாரின் ஒரு கூற்றை நூறாண்டாக எடுத்தாண்டு வந்தோம். மைந்தரின் உழைப்பையும் இனிக் கைக்கொள்வோமாக.